கேட் கற்றால் வேலைக்கு உதவுமா? மெக்கானிக்கல் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினி வழி வடிவமைப்பைத்தான் எல்லோரும் கேட் என்கிறோம். (எம்.இ. சேர எழுதும் கேட் தேர்வு வேறு.) கோவையில் பம்பு, மோட்டார், தனி மெஷின்களுக்கான பாகங்களை வடிவமைக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். வேலை கேட்டு வருகிறவர்களை நேர்காணல் செய்வதும், சேர்ந்த பிறகு பழக்குவதும் என் பொறுப்பு. அவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. மெக்கானிக்கல் பக்கம்தான் அதிகம். சிவில், டெக்ஸ்டைல்காரர்களுக்குக் கீழே கொஞ்சம் உண்டு.

கேட் என்பது கணினியில் படம் வரைவதுதானே?

1982 கடைசியில் ஆட்டோகேட் வந்தபோது கிட்டத்தட்ட அப்படித்தான். டிராயிங் போர்டும் செட் ஸ்கொயரும் செய்த வேலை திரைக்கு வந்தது. அழித்துத் திருத்துவது சுலபமானது, பிரதி எடுப்பது சுலபமானது. அதோடு சரி, கோடு வெறும் கோடாகவே இருந்தது.

1980களின் கடைசியில் புரோ-இ (புரோ/இன்ஜினியர்) என்ற சாஃப்ட்வேர் வந்ததும் ஆட்டம் மாறியது. அளவை மாற்றினால் உருவமே மாறும். இரண்டு துளைகள் எப்போதும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், பாகம் பெரிதானாலும் சிறிதானாலும் அவை ஒன்றாகவே நகரும். இன்று நாம் பயன்படுத்தும் சாலிட்ஒர்க்ஸ், கேட்டியா, என்எக்ஸ், கிரியோ எல்லாம் இந்த வழியில் ஓடுபவைதான். இந்த யோசனையின் வேர் இன்னும் பழையது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஆய்வுக்காக எழுதிய ஸ்கெட்ச்பேடிலேயே, இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக நிற்கட்டும் என்று கட்டளையிட முடிந்தது.

இதனால் உங்கள் வேலையில் என்ன வித்தியாசம்? ஒரு ஃபிளேஞ்சில் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) நான்கு போல்ட் துளை. ஒருவர் ஒவ்வொரு துளைக்கும் மூலையிலிருந்து தனித்தனியாக அளவு கொடுத்து வரைகிறார். இன்னொருவர் மையத்திலிருந்து ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் ஒரு துளை வைத்து, அதையே சுற்றிலும் நான்காகப் பெருக்குகிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மறுநாள் கஸ்டமர் ஆறு துளை வேண்டும், வட்டத்தையும் 10 மில்லிமீட்டர் கூட்டுங்கள் என்கிறார். இரண்டாமவர் இரண்டு எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போவார். முதலாமவர் அன்று மதியம் வரை அதிலேயே உட்கார்ந்திருப்பார். எந்த அளவு எதை ஆள வேண்டும் என்று முன்கூட்டியே யோசிப்பதைத்தான் கேட் பயிற்சி கற்றுத்தர வேண்டும்.

மூன்று மாத கோர்ஸ் முடித்தால் வேலை கிடைத்துவிடுமா?

சான்றிதழுக்காக யாரும் வேலை தரமாட்டார்கள். எங்கள் இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேசைமேல் வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங் ஒன்று இருக்கும். பக்கத்தில் அளக்க டிஜிட்டல் வெர்னியர், ஏ4 தாள், பென்சில், ரப்பர். கம்ப்யூட்டர் அப்புறம்தான். அளந்து, கையால் படம் போட்டு, அளவு எழுத வேண்டும்.

பேரிங் உட்காரும் துளையில் வெர்னியரை விட்டால் 52.02 என்று காட்டும். வருகிறவர்களில் நிறையப் பேர் அதை அப்படியே 52.02 என்று எழுதிவிடுவார்கள். வெர்னியர் காட்டியது அந்த ஒரு பாகத்தின் அளவு, அதுவும் வெர்னியரின் பிழையோடு. நமக்கு வேண்டியது அதை வடிவமைத்தவர் மனதில் இருந்த அளவு. அந்தத் துளையில் உட்காருவது 6205 பேரிங். அதன் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். ஆகவே டிராயிங்கில் வர வேண்டியது 52 எச்7. அதாவது 52.000 முதல் 52.030 வரை எதுவும் சரி. உள்ளே வரும் ஷாஃப்டுக்கு 25 கே6 என்றால் 25.002 முதல் 25.015 வரை. ஷாஃப்டில் பேரிங் இறுகி உட்காரும், ஹவுசிங்கில் கையால் தள்ளினால் போகும். மோட்டார் ஓடும்போது ஷாஃப்டுதானே சுழல்கிறது, அதனால் பிடிப்பு அங்கே வேண்டும். இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவரிடம் அதற்குமேல் அதிகம் கேட்க மாட்டேன்.

அடுத்தது வெளிப்பக்கம். ஓரிடத்தில் 71.3, கொஞ்சம் தள்ளி 72.1 காட்டும். அது வார்த்தபடியே விட்ட பரப்பு; சொரசொரப்பைப் பார்த்தாலே தெரியும். அங்கே தசம எண் எழுதுவதில் அர்த்தம் இல்லை. காலில் உள்ள போல்ட் துளை 9 வருகிறது என்றால் எம்8 போல்ட் போகும் துளை. முகப்பில் மரை வெட்டிய துளையின் உள் அளவு 6.7 பக்கம் காட்டினால், அது 6.8 டிரில் போட்டு எம்8 டேப் அடித்த துளை. 6.7 என்று எழுதிக் கொண்டுவந்தால் பட்டறைக்காரர் நமக்கே போன் போட்டுக் கேட்பார்.

இந்தச் சோதனையில் சாஃப்ட்வேர் ஒரு இடத்திலும் வரவில்லை பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார வைப்போம், அதில் பெரும்பாலும் எல்லோரும் தேறிவிடுவார்கள்.

எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம்?

போக நினைக்கும் ஊரையும் தொழிலையும் பார்த்து முடிவெடுங்கள். பம்பு, வால்வு, தனி மெஷின், ஜிக் ஃபிக்ஸர் (மெஷினில் பாகத்தைப் பிடித்து வைக்கும் சாதனம்) செய்யும் நடுத்தரக் கம்பெனிகளில் சாலிட்ஒர்க்ஸ் அதிகம். கார், விமானம் பக்கம் கேட்டியா, என்எக்ஸ். பிளாஸ்டிக் மோல்டு, பிரஸ் டூல் இடங்களில் என்எக்ஸ், கிரியோ இரண்டையும் பார்க்கலாம். கிரியோ என்பது பழைய புரோ-இதான், பெயர் மாறியது.

ஒன்றை ஆழமாகக் கற்றவர் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். பட்டன் இடம் மாறும், யோசனை மாறாது. ஆனால் ரெஸ்யூமேயில் ஐந்து சாஃப்ட்வேர் பெயரை வரிசையாக அடுக்கியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எல்லாவற்றிலும் முதல் பத்து நாள் பாடம் மட்டும் தெரிந்திருக்கும்.

ஆட்டோகேட் பழசாகிவிட்டது, விட்டுவிடலாமா?

வேண்டாம். லேஅவுட், பைப்பிங், எலக்ட்ரிகல் படங்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. லேசர் கட்டிங் கடைக்கு அனுப்பும் டிஎக்ஸ்எஃப் ஃபைலை (வெட்ட வேண்டிய கோடுகள் இருக்கும் படம்) திறந்து சரிபார்க்கவாவது தெரிய வேண்டும். அந்த ஃபைலில் அலகு குறிக்காமல் விட்டால் மில்லிமீட்டர் என்று நாம் நினைத்ததை அங்கே இன்ச் என்று திறப்பார்கள், 25.4 மடங்கு பெரிய பாகம் திரையில் வரும். பார்த்ததும் தெரிகிற தப்பு என்பதால் பரவாயில்லை. இரண்டு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள், போதும்.

டிராயிங் எல்லாம் கல்லூரி முதல் வருடத்திலேயே படித்தாயிற்றே. மறுபடியும் எதற்கு?

படித்தது பாஸ் ஆவதற்கு. கூம்பை வெட்டி விரித்துப் போட்டிருப்பீர்கள். ஒரு கியர்பாக்ஸ் அசெம்பிளி டிராயிங்கைப் பார்த்து எந்தப் பாகம் முதலில் உள்ளே போகும் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஓர் எளிய சோதனை. தாளின் கீழ் வலது மூலையில் பெயர்ப் பெட்டிக்குள் ஒரு வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் சேர்ந்த சின்னம் இருக்கும். அதைப் பார்த்து இது முதல் கோண வீழலா, மூன்றாம் கோண வீழலா, அதாவது பாகத்தின் எந்தப் பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியுமா? நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் முதல் கோணம், அமெரிக்காவில் மூன்றாம் கோணம். அமெரிக்கக் கஸ்டமரின் டிராயிங்கை நம் பழக்கத்தில் படித்தால் வலது பக்கம் இருக்க வேண்டிய துளை இடது பக்கம் போய்விடும். பாகம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அசெம்பிளியில் உட்காராது. கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிப்போன ஒரு லாட் பாகத்தை ஸ்கிராப்புக்குப் போடுவது எவ்வளவு செலவு என்று எந்த டூல் ரூமிலும் கேட்டுப் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொறியியல் வரைபடங்களுக்காக மாணவர்களை நினைத்தே வெளியிட்ட எஸ்பி 46 என்ற கையேடு இருக்கிறது. கோடு வகை, செக்‌ஷன் போடும் முறை, அளவு எழுதும் முறை எல்லாம் அதில் உண்டு. வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்கலாம்.

டாலரன்ஸ், ஜிடி அண்ட் டி என்று பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் சம்பளம் ஏறும் படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் பாகத்தையும் சொன்ன அளவில் அச்சாகச் செய்ய முடியாது. எவ்வளவு தூரம் விலகலாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அதுதான் டாலரன்ஸ். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு காசு. ஒரு துளைக்கு 0.2 விட்டால் டிரில் போட்டால் போதும். 0.02 என்றால் ரீமர் அல்லது போரிங். அதற்கும் கீழே போனால் கிரைண்டிங், ஹோனிங். பயத்தில் எல்லா அளவுக்கும் 0.01 என்று எழுதும் புதியவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்க்கலாம். ஆவாரம்பாளையம், கணபதி பக்கத்து லேத் பட்டறைக்கு அந்த டிராயிங் போனால், பட்டறைக்காரர் ஒன்று விலையைப் பல மடங்கு சொல்வார், இல்லை சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்.

அளவை எங்கிருந்து கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். வரிசையாக ஐந்து துளை, ஒவ்வொன்றுக்கும் இடையே 40 மில்லிமீட்டர், 0.1 கூடலாம் குறையலாம் என்று சங்கிலிபோல எழுதினால், முதல் துளைக்கும் ஐந்தாம் துளைக்கும் நடுவே 0.4 வரை விலகல் சேரும். எல்லாத் துளையையும் முதல் துளையிலிருந்தே அளந்து கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. எந்தத் துளைக்கு எது ஆதாரம் என்பது அந்தப் பாகம் எதன்மேல் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்காமல் அளவு போடக் கூடாது.

ஜிடி அண்ட் டி இதையே இன்னும் ஒழுங்காகச் சொல்லும் மொழி. ஒரு துளையின் மையம் குறுக்கிலும் நெடுக்கிலும் 0.1 விலகலாம் என்றால், அனுமதித்த இடம் ஒரு சின்னச் சதுரம். ஆனால் மூலை வரை போன மையத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றால், அதே தூரம் மற்ற திசைகளில் போனதை ஏன் ரிஜெக்ட் செய்ய வேண்டும்? அந்தச் சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டத்தை அனுமதித்தால் இடம் 57 சதவீதம் கூடும். பாகம் வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை. வீணாகும் பாகம் மட்டும் குறைகிறது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டும் இளைஞரை, பாகங்களின் தரம் பார்க்கும் க்யூசிக்காரர்கள் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

பட்டறை அனுபவம் இல்லாமல் டிசைன் பக்கம் போக முடியுமா?

போகலாம், ஆனால் போன பிறகாவது பட்டறைக்கு இறங்க வேண்டும். திரை எதையும் மறுக்காது, அதுதான் சிக்கல். மில்லிங்கில் வெட்டும் பள்ளத்துக்கு உள்மூலையைக் கூராக வரைந்தால் கணினி வரைந்து கொடுத்துவிடும். 10 மில்லிமீட்டர் எண்ட் மில் அந்த மூலையில் 5 மில்லிமீட்டர் ஆரம் விட்டுத்தான் வெளியே வரும். உருண்டை டூலால் கூர்மூலை வெட்ட முடியாது.

வார்ப்பில் இன்னும் நிறைய இருக்கிறது. மணலில் அச்சு எடுக்க வைக்கும் மாதிரி உருவம்தான் பேட்டர்ன்; அதை மணலிலிருந்து உருவ வேண்டும் என்றால் பக்கச் சுவர்கள் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை சரிந்திருக்க வேண்டும். நேராக நின்றால் மணல் இடிந்து வரும். இரும்பு ஆறும்போது சுருங்கும். சாம்பல் வார்ப்பிரும்பு சுமார் ஒரு சதவீதம். 300 மில்லிமீட்டர் பாகத்துக்குப் பேட்டர்ன் 303 செய்ய வேண்டும். மெஷினிங் செய்யும் முகத்தில் கூடுதல் உலோகம் விட வேண்டும். தடித்த சுவரும் மெல்லிய சுவரும் திடீரென்று சேரும் இடத்தில், மெல்லியது முதலில் உறைந்துவிடும், தடித்தது உள்ளுக்குள் சுருங்கிக் குழி விழும். பம்பு கேஸிங்கில் அப்படிக் குழி விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மெஷினிங் எல்லாம் முடிந்து தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போதுதான் ஒழுகும்.

கோவையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை, லேத் பட்டறை, பம்பு அசெம்பிளி எல்லாம் பஸ் தூரத்தில். கோர்ஸில் சேர்வதற்கு முன்போ சேர்ந்த பிறகோ, தெரிந்தவர் யார் மூலமாவது இரண்டு சனிக்கிழமை ஒரு ஃபவுண்டரியில் நின்று பாருங்கள். ஓசூரிலும் அம்பத்தூரிலும் இருப்பவர்களுக்கு அது பிரஸ் ஷாப்பாக, சிஎன்சி ஷாப்பாக இருக்கும். பேட்டர்ன் செய்யும் பெரியவரிடம் “ஐயா, இந்த இடத்தில் ஏன் இவ்வளவு வளைவு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். அந்த அரை மணி நேரத்துக்கு எந்த சென்டரும் பாடம் வைக்கவில்லை.

சாஃப்ட்வேர் விலை லட்சக்கணக்கில் என்கிறார்கள். வீட்டில் எப்படிப் பழகுவது?

கல்லூரி மாணவர் என்றால் ஆட்டோடெஸ்க் தன் சாஃப்ட்வேர்களை இலவசமாகவே தருகிறது. மாணவர் என்பதற்கு ஆதாரம் காட்டி ஒரு வருடத்துக்குப் பெறலாம், படிக்கும்வரை புதுப்பிக்கலாம். ஃபியூஷனைச் சொந்தப் பழக்கத்துக்குச் சில கட்டுப்பாடுகளோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், கணினி பலமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இலவசக் கணக்கில் வரைவது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், கம்பெனி வேலையை அதில் போட்டுவிடாதீர்கள். முழுக்க இலவசம் வேண்டும் என்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது, முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது.

திருட்டுப் பதிப்பு மட்டும் வேண்டாம். நீதிக்காகச் சொல்லவில்லை. வீட்டில் பழகிய அந்த லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து இணையத்தில் இணைப்பார்கள். உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் தன் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடும். முதலாளிக்கு நோட்டீஸ் வரும். சின்னக் கம்பெனிகள் இதற்கு நடுங்குகின்றன.

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாகவே இதுபோன்ற பாடங்கள் கிடைக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். சென்னை டைடல் பார்க்கில் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும், கேட்டியா செய்யும் டசால்ட் சிஸ்டம்ஸும் சேர்ந்து அமைத்த டான்கேம் மையமும் இருக்கிறது.

சென்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

“நூறு சதவீத வேலை உத்தரவாதம்” என்ற பலகையைக் கணக்கில் எடுக்காதீர்கள். சொல்லித்தருகிறவர் எந்தக் கம்பெனியில் என்ன பாகம் வடிவமைத்தார் என்று நேராகக் கேளுங்கள். கோர்ஸ் முடித்து நேராக அங்கேயே ஆசிரியர் ஆனவர் என்றால் பட்டன்களைத்தான் சொல்லித்தருவார். வெர்னியர், மைக்ரோமீட்டர், நாலு நிஜப் பாகம் மேசையில் இருக்கிறதா பாருங்கள். உலகளாவிய சான்றிதழ் என்று தனியாகப் பணம் கேட்டால், அது சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் தேர்வா, சென்டர் அச்சடித்துத் தருவதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

பெஞ்ச் வைஸ் வேண்டாம். ஸ்க்ரூ ஜாக்கும் வேண்டாம். எல்லோரும் அதையே கொண்டுவருகிறார்கள், பாடப்புத்தகத்தில் அளவு உட்பட இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய புல்லட் இன்ஜினைப் பளபளவென்று ரெண்டர் செய்து கொண்டுவருவதும் உண்டு, “இந்த கிராங்க்கில் பேரிங் எப்படி உள்ளே போகும்?” என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்துவிடும்.

வீட்டில் பழுதான ஒரு பொருளைக் கழற்றுங்கள். மிக்ஸி கப்ளர், தண்ணீர்க் குழாய் வால்வு, சைக்கிள் பெடல், கிரைண்டர் பெல்ட் புல்லி, எதுவும் சரி. அளந்து, மாடல் செய்து, ஒவ்வொரு பாகத்துக்கும் உற்பத்தி டிராயிங் போடுங்கள். எது எதனோடு இறுகும், எது தளர்ந்து சுழலும், எந்தப் பொருளில் செய்தது, எப்படிச் செய்திருப்பார்கள் என்று எழுதுங்கள். ஏன் உடைந்தது, அதை எப்படி மாற்றி வரைவீர்கள் என்று ஒரு பக்கம் சேர்த்தால் நேர்காணல் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். பேச்சு உங்கள் கையில் இருக்கும்.

வரைவதைத் தவிர அலுவலகத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஃபைல் பெயர் ஒழுங்கு. சிரிக்காதீர்கள். “ஹவுசிங் ஃபைனல்”, “ஹவுசிங் ஃபைனல் 2”, “ஹவுசிங் லாஸ்ட் ஃபைனல்” என்று மூன்று ஃபைல் இருந்தால் ஃபவுண்டரிக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாது. டிராயிங் எண், ரிவிஷன் எழுத்து, எந்தத் தேதியில் எதை ஏன் மாற்றினோம் என்ற குறிப்பு, பழைய பிரதியைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்குவது: இவையெல்லாம் வேலையின் பாதி. பில் ஆஃப் மெட்டீரியலில் (தேவையான பாகங்களின் பட்டியல்) ஒரு வாஷர் விட்டுப்போனால் கடைசி நாள் அசெம்பிளி லைனே நிற்கும்.

இது சின்னக் கம்பெனிகளின் தலைவலி மட்டும் என்று நினைத்தால் ஏர்பஸ் ஏ380 கதையைப் பாருங்கள். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் வயர். ஹாம்பர்க்கில் தயாரித்த வயர் கட்டுகள் துலூஸில் விமானத்துக்குள் இழுத்தபோது நீளம் போதவில்லை. ஜெர்மனியில் கேட்டியாவின் நான்காம் பதிப்பு, பிரான்ஸில் ஐந்தாம் பதிப்பு. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. விமானங்களை ஒப்படைப்பது சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது.

அப்புறம் கடிதம். வெளிநாட்டு வேலை செய்யும் இடங்களில் டிராயிங்கில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கேட்க வேண்டும். எந்த டிராயிங், எந்த இடம், இரண்டு அளவில் எது சரி, எப்போதுக்குள் பதில் வேண்டும். இலக்கணம் முன்னே பின்னே இருக்கலாம், கேள்வி தெளிவாக இருக்க வேண்டும்.

ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக. ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் என்றே இரண்டு வருடப் பிரிவு இருக்கிறது, பத்தாவது முடித்தாலே சேரலாம். அதை முடித்து அப்ரெண்டிஸாக ஒரு நல்ல கம்பெனி டிசைன் பிரிவில் இருந்துவிட்டு வருகிறவர், அப்போதுதான் பி.இ. முடித்தவரைவிட டிராயிங்கில் பல சமயம் கெட்டி. பட்டம் இல்லாததால் பெரிய கம்பெனிகளில் பதவி ஒரு கட்டத்தில் நிற்கும் என்பதும் உண்மை. மாலைக் கல்லூரி, பகுதிநேர பி.இ. என்று அதற்கு வழி தேடியவர்கள் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளை, உட்கார்ந்து செய்யும் வேலை என்று கேட் சேர்க்கலாமா?

சேர்த்துவிடுங்கள், ஆனால் அந்தக் காரணத்துக்காக மட்டும் சேர்க்காதீர்கள். “மேடம், நீங்கள் டிராயிங் மட்டும் பாருங்கள், பட்டறைக்குப் பையன்கள் போகட்டும்” என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்க அக்கறைபோல இருக்கும். மூன்று வருடம் கழித்து, பாகம் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று தெரிந்தவர்களுக்குத்தான் பதவி உயர்வு போகும். முதல் வாரத்திலிருந்தே பட்டறைக்குப் போகக் கேட்க வேண்டும்.

சிவில், டெக்ஸ்டைல் படித்தவர்களுக்கு?

சிவிலில் ரெவிட் என்ற சாஃப்ட்வேர் கற்றால் பிம் வேலைகள், அதாவது கட்டடத்தின் தகவல்களோடு முப்பரிமாண மாடல் செய்வது. இரும்புக் கட்டட விவரணை, அதாவது ஸ்டீல் டீடெயிலிங், சென்னையிலும் கோவையிலும் நன்றாகவே நடக்கிறது. டெக்லா என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவார்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கட்டடங்கள். அடி, அங்குலம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று மனக்கணக்கு ஓட வேண்டும். ஒரு போல்ட் துளை தப்பினால் கிரேனில் தொங்கும் உத்தரம் பொருந்தாது.

திருப்பூர்ப் பக்கம் வேறு உலகம். அங்கே கேட் என்றால் பேட்டர்ன், கிரேடிங், மார்க்கர். ஒரு டி-ஷர்ட்டின் நடு அளவை வைத்து மற்ற அளவுகளை உருவாக்குவது, பிறகு துணியின் அகலத்துக்குள் எல்லாத் துண்டுகளையும் கழிவு குறைய அடுக்குவது. ஒரு ஆடையின் செலவில் பெரும்பங்கு துணிக்கே போவதால், மார்க்கரில் ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினால்கூடப் பெரிய ஆர்டரில் அது நல்ல பணம். துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரியாமல் அதில் உட்கார முடியாது.

ஆரம்பச் சம்பளம் குறைவு என்கிறார்களே?

குறைவுதான். ஐடிக்குப் போன நண்பரோடு ஒப்பிட்டு முதல் வருடம் மனம் நோகும். படத்தைத் திருப்பி வரைகிற வேலையிலேயே நின்றுவிட்டால் பிறகும் பெரிதாக ஏறாது. டாலரன்ஸ் முடிவெடுக்க, வெண்டரோடு பேச, செலவைக் குறைத்துக் காட்டத் தெரிந்தவுடன் கம்பெனி மாறாமலேயே கேட்கலாம். மாறினால் இன்னும் கேட்கலாம்.

ஏஐ வந்து கேட் வேலையை எடுத்துக்கொள்ளாதா?

மாடலிலிருந்து டிராயிங் போடுவது, அளவுகளை அடுக்குவது, பழைய படத்தை மறுபடி வரைவது எல்லாம் குறையத்தான் செய்யும். பாரத்தையும் பிடிக்கும் இடத்தையும் சொன்னால் எடை குறைந்த உருவத்தைத் தானே தரும் வசதி பல வருடங்களாகவே இருக்கிறது. எலும்புபோல வளைந்து வரும் அந்த உருவத்தை எங்கள் ஊர் ஃபவுண்டரியில் வார்க்க முடியுமா, எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும், எங்கே பிடித்து மெஷினிங் செய்வது என்று யாராவது சொல்லியாக வேண்டும். வெறும் டிராஃப்டிங்கை நம்பிச் சேர்வதாக இருந்தால் எனக்கும் கவலைதான். பாகத்தை நம்பிச் சேருங்கள்.

எனக்கு 34 வயது, விஎம்சி (கணினி கட்டுப்படுத்தும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டர். இனிமேல் டிசைனுக்கு மாற முடியுமா?

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மேலே பட்டறை அனுபவம் என்று எழுதியதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த டூல் எவ்வளவு ஆழம் போகும், எந்த டிராயிங் தலைவலி என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேராக டிசைன் வேலைக்குத் தாவ வேண்டாம், சம்பளம் குறையும். முதலில் கேம் கற்றுக்கொள்ளுங்கள். மாடலிலிருந்து மெஷினுக்கு புரோகிராம் எடுக்கும் பகுதி அது. நீங்கள் இருக்கும் கம்பெனியிலேயே புரோகிராமர் இடம் காலியானால் கேட்கலாம். மாடலைத் திறந்து பார்க்கவும் சின்னத் திருத்தம் செய்யவும் அதிலேயே பழக்கம் வந்துவிடும். அடுத்தது ஃபிக்ஸர் டிசைன். பாகத்தை மெஷினில் எப்படிப் பிடிப்பது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஃபிட்ஸ் அண்ட் டாலரன்ஸ் அட்டவணையை மட்டும் உட்கார்ந்து படியுங்கள், ஆங்கில மெயில் எழுத வீட்டில் பிள்ளைகளிடம் உதவி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் சென்டர்கள் இருக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தனி நேரம் உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.